மதிலுக்கு வெளியே முதல் ஜெபம்

"கல்லறைத் தோட்டத்துச் சாவி எங்கிட்டத்தான் இருக்குதுங்க ஐயா. அது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார் சபைச் செயலாளர்.

குரலை உயர்த்தவில்லை. அதுவரை அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆலயத்தின் பின்னறையில் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த கமிட்டிக்காரர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே ஐப்பசி மழை ஓட்டின் மேல் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பாடகர் குழுவில் இருந்த ஒருவர் முந்தின நாள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியவர். மிளகும் காப்பியும் பயிர் வைத்திருந்தார். பல மாதங்களாகவே பேச்சு குறைந்துபோயிருந்தது. மனைவி அவரை அடிவாரத்துக்கு அழைத்துப்போய் மருத்துவரிடம் காட்டினார். மாத்திரை சாப்பிட்டார், கொஞ்சம் தேறினார், நிறுத்திவிட்டார். உடல் கீழே அரசு மருத்துவமனையில் இருந்தது. பரிசோதனை முடிந்து மதியத்துக்கு மேல் ஆம்புலன்ஸ் மலையேறும் என்று சொல்லியிருந்தார்கள். அவரை எங்கே அடக்கம் செய்வது என்பதற்காகத்தான் அந்தக் கூட்டம்.

செயலாளர் ஒரு பழைய ஜெப புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். அடக்க ஆராதனைப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் தள்ளினார். தன்னைத்தானே கொன்றவர்களுக்கு இந்த முறைமை ஆகாது என்ற பொருளில், தொடக்கத்திலேயே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. எனக்கு அது தெரியாததல்ல. அந்தக் குறிப்பு எப்போது, எந்தச் சண்டையின் நடுவில் சேர்க்கப்பட்டது என்று வகுப்பில் பல முறை பாடம் நடத்தியிருக்கிறேன்.

"இது வேதம் இல்லைங்க. இங்கிலாந்துல சில குருமார் உட்கார்ந்து சேர்த்தது" என்றேன்.

"நாங்க இதைத்தாங்க வேதமா வாங்கிக்கிட்டோம்" என்றார்.

நான் அந்த மலைக்கு வந்து இரண்டாவது மழைக்காலம் அது. அதற்கு முன் என் வாழ்க்கை பெரும்பாலும் மேஜையிலும் வகுப்பறையிலும் கழிந்தது. நாமக்கல்லில் பிறந்தேன். அப்பா லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டர். பையன் இன்ஜினியர் ஆவான் என்று நினைத்திருந்தார். நான் இறையியல் கல்லூரிக்குப் போனேன். முதல் வாரத்திலேயே எபிரெய வகுப்பில் என்னைத் தொலைத்தேன். வலமிருந்து இடமாக ஓடும் அந்த எழுத்துகளில் ஒரு வினைச்சொல்லைப் பிரித்துப் பார்த்ததும், நான் சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவந்த வசனம் வேறு முகத்தோடு எழுந்து நின்றது. அந்தப் பயமும் சந்தோஷமும் பிறகு என்னை விடவில்லை.

குருவானவராக அபிஷேகம் பெற்றேன். இங்கிலாந்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. மனைவி கைக்குழந்தையோடு ஊரில் இருக்க, நான் ஒரு குளிர்ந்த நூலகத்தில் பழைய ஏற்பாட்டு ராஜாக்களின் அரண்மனைக் கதைகளைத் தோண்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து கல்லூரியில் ஆசிரியரானேன். புத்தகங்கள் எழுதினேன். வேதாகமத் தமிழைத் திருத்தும் குழு ஒன்றில் இடம் கொடுத்தார்கள். ஒரு சொல்லுக்கு நாள் முழுக்க வாதாடுவோம். "விசுவாசத்தைக் கெடுக்கிறவன்" என்று என்னைச் சொன்னவர்கள் உண்டு. என் மாணவர்களில் சிலரே அதைச் சொன்னார்கள். ஓய்வுக்கு முன் கொஞ்ச காலமாவது ஒரு சபையை மேய்க்க வேண்டும் என்று பேராயர் சொன்னபோது, யாரும் போக விரும்பாத கொல்லிமலைச் சபையை நானே கேட்டு வாங்கினேன். அமைதியாக ஒரு விளக்கவுரையை எழுதி முடிக்கலாம் என்பது என் கணக்கு.

என் முதல் பிரசங்கத்தில் நிறையப் பேர் மரியாதையோடு தூங்கினார்கள். "ஏனுங்க, அந்த வினைச்சொல் எல்லாம் அவுங்களுக்கு எதுக்குங்க?" என்றாள் மனைவி. அதன் பிறகு மாற்றிக்கொண்டேன்.

கமிட்டி கூட்டம் எந்த முடிவும் இல்லாமல் கலைந்தது. முடிவு இல்லை என்றால் செயலாளர் சொன்னதுதான் முடிவு. அவர் மலையிலேயே பிறந்தவர், அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் சங்கீதம் வாசிப்பது அவர்தான். அவர் வாசித்தால் ஒரு சொல் நழுவாது. எழுந்து போகும்போது கதவருகில் நின்று, "மதிலுக்கு வெளிய கிழக்கால இடம் இருக்குதுங்க. இந்த மாதிரி போனவங்களை அங்கதான் வெச்சிருக்கோம். ஜெபம் கிடையாது. சொந்தக்காரங்களே மண்ணத் தள்ளிருவாங்க" என்றார்.

"எத்தனை பேர் இருக்காங்க அங்க?"

அவர் குடையை விரித்தார்.

இறந்தவரின் வீட்டுக்குப் போனேன். என் மனைவி விடியலிலிருந்தே அங்கே இருந்தாள். கைம்பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அங்கன்வாடியில் உதவியாளர் வேலை. பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் தாயின் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் உட்கார்ந்ததும் அவர் அழவில்லை. நேராகக் கேட்டார்.

"உள்ள வெப்பாங்களாங்க ஐயா?"

"பேசிட்டு இருக்கோம்மா."

"எம் பையன் உள்ள இருக்கறானுங்க. மொதப் பையன். ஒரு வயசு முடியலை. அவனுக்குக் குழி வெட்டுனதே இவருதான். 'நான் போனா இவன் பக்கத்துல போடு'ன்னு சொல்லிட்டே இருப்பாரு." கொஞ்சம் நிறுத்தி, "மத்தவங்க என்ன சொன்னாலும் சரி. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உள்ளயா, வெளியவா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். மலையின் மறுபக்கம் பைல்நாட்டிலிருந்து வந்த பங்காளிகள், இறந்தவரின் அண்ணன் முன்னால். அந்தக் குடும்பத்தில் சபைக்கு வந்தவர் தம்பி மட்டும்தான். அண்ணன் நனைந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். குழி வெட்ட மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டுவந்திருந்தார்கள்.

"ஏனுங்க பாதிரியாரே, எந் தம்பிக்கு இடம் இல்லைன்னு சொல்லிப்போட்டாங்களாமா? உசுரோட இருந்தப்ப பாட்டுப் பாட வேணும், செத்தா வேண்டாமா? இடம் இல்லைன்னா இப்பவே சொல்லுங்க. எங்க காட்டுல எங்க முறைப்படி வெச்சுக்கறோம். ஆனா அதுக்கப்பறம் இந்தப் புள்ளையும் அவ அம்மாளும் உங்க கோயில் வாசப்படி மிதிக்க மாட்டாங்க. பாத்துக்குங்க."

"மாமா" என்றார் கைம்பெண். "அவரு அவன் பக்கத்துலதான் இருக்கோணும்."

"பூட்டிக் கெடக்குதே சாமி. பூட்டை ஒடைக்கட்டுமா?"

பின்னால் நின்றவர்களில் ஒருவர் உடைக்கலாம் என்றார். இன்னொருவர் கூடச் சேர்ந்துகொண்டார். மலையில் சபையாருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் இதற்கு முன் எதுவும் நடந்ததில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். முதல் முறையாக அது என் காலத்தில் நடந்துவிடும் போலிருந்தது.

"நான் வரும்வரைக்கும் பூட்டைத் தொடாதீங்க. உள்ளதான் அடக்கம். என் பொறுப்பு" என்றேன்.

சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

வெளியே வந்து பேராயருக்குப் போன் போட்டேன். மழையில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. அவர் முழுக்கக் கேட்டார். "நீங்க இடத்துல இருக்கறவங்க. சபை உடையாம பாத்துக்குங்க. போலீஸ் வரைக்கும் போக வேண்டாம்" என்றார். "நான் அடக்க ஆராதனை நடத்தலாமா?" என்று நேராகக் கேட்டேன். லைன் கெட்டதா, அவர் பேசவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போய் அங்கியை எடுத்து மாட்டினேன். பொத்தானைத் துளை மாற்றிப் போட்டிருந்தேன். பின்னாலேயே வந்த மனைவி அதைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். "பயமா இருக்குதுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "இருக்கட்டும், போங்க" என்றாள்.

ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது மழை தூறலாகியிருந்தது. அதன் பின்னாலேயே ஒரு லோடு வேன். அடிவாரத்து மிளகு வியாபாரி ஒருவர், இறந்தவரிடம் பல வருடமாகக் கொள்முதல் செய்துவந்தவர், தொழுகைத் தொப்பி வைத்த தலையோடு இறங்கினார். கொண்டை ஊசி வளைவு முழுக்க ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஓட்டி வந்திருக்கிறார். கல்லறைத் தோட்டத்துக் கேட் முன்னால் பெட்டியை இறக்கினார்கள். வேனிலிருந்து தார்ப்பாயை எடுத்துப் பெட்டியின் மேல் அவரே விரித்தார். கேட் பூட்டியிருந்தது. அதன் முன்னால் செயலாளர் நின்றிருந்தார். அவருக்கு இருபக்கமும் சபைக்காரர்கள். எதிரே கடப்பாரையோடு பங்காளிகள். நடுவில் பெட்டியும் அந்தத் தாயும் மகளும்.

"தெறங்க" என்றார் அண்ணன்.

செயலாளர் அசையவில்லை.

அண்ணன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு இரண்டெட்டு வைத்தார். சபைக்காரர்கள் நெருங்கி நின்றார்கள். யாரோ யாரையோ தள்ளினார்கள். மகள் அலறினாள். அப்போது மிளகு வியாபாரி அண்ணனின் கையைப் பிடித்தார்.

"கீழ வைங்கண்ணா. பூட்டை ஒடச்சு உள்ள போற ஆளா உங்க தம்பி? யார் ஊட்டுக்கும் கூப்பிடாம போகாத மனுசன்."

அண்ணனின் கை தளர்ந்தது. ஆனால் கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை.

நான் செயலாளருக்கு முன்னால் போய் நின்றேன். அவர் கண்ணாடியில் தூறல் படிந்திருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினேன்.

"ஐயா, ஒரு ராஜாவுக்கு ஆலோசகன் ஒருத்தன் இருந்தான். அவன் சொன்னா கடவுளே சொன்ன மாதிரின்னு நம்புவாங்க. ஒரு நாள் அவன் ஆலோசனையை யாரும் கேட்கலை. கழுதை மேல ஏறி ஊருக்குப் போனான். வீட்டுக் காரியத்தை ஒழுங்கு பண்ணினான். தன் உயிரைத் தானே எடுத்துக்கிட்டான். இது நம்ம வேதத்துல இருக்கு. நீங்களே ஆலயத்துல வாசிச்சிருக்கீங்க. அடுத்து என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் உதடு அசைந்தது. "தகப்பன் கல்லறையில" என்றார் மெதுவாக.

"ஆமா. தகப்பன் கல்லறையில வெச்சாங்க. வெளிய போட்டதா ஒரு வார்த்தை இல்லை. ஒரு திட்டு இல்லை."

இங்கிலாந்தில் நான் எழுதிய ஆய்வேட்டில் அந்த வசனத்துக்கு ஓர் அடிக்குறிப்புதான் கொடுத்திருந்தேன். கேட் முன்னால் நின்றபோது என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அது போதும், அவர் சாவியை எடுப்பார் என்று நினைத்தேன்.

அவர் எடுக்கவில்லை. அப்போதுதான் முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

"அப்படின்னா எந் தம்பியை எதுக்குங்க வெளிய போட்டோம்?"



"நான் அப்ப புதுசா வேலைக்குச் சேந்திருந்தேன். அவன் காலேஜ் போயிட்டு வந்தவன். இதே மாதிரிதான் போயிட்டான். அன்னிக்கு இருந்த ஐயா இந்தப் புத்தகத்தைத்தான் காட்டினாரு. எங்கம்மா அவரு கால்ல விழுந்தா. நான்தான் அவளைத் தூக்கி நிறுத்தி, 'சட்டம்னா சட்டம்மா'ன்னு சொன்னேன். வெளிய கொண்டுபோய் நானே மண்ணத் தள்ளினேன். இப்ப நீங்க வந்து வேதத்துல அப்படி இல்லைங்கறீங்க. இவ்வளவு படிச்ச நீங்க அன்னிக்கு எங்கீங்க இருந்தீங்க?"

இத்தனை வருடமும் அவர் காத்தது சட்டத்தை அல்ல என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சட்டம் தப்பென்றால் தம்பியை ஒன்றுமில்லாத காரணத்துக்காக வெளியே போட்டதாக ஆகிவிடும். அந்த ஒன்றை அவரால் தாங்க முடியாது.

"எந்த இடம்னு காட்டுங்க" என்றேன்.

"எதுக்குங்க?"

"அங்க இன்னும் ஜெபம் பண்ணலையே. முதல்ல அதைப் பண்ணிட்டு வந்துடறேன்."

அவர் என்னையே பார்த்தார். பின்னாலிருந்து அண்ணன், "பாதிரியாரே, பொழுது எறங்குது. இன்னும் குழியே வெட்டலை. செத்து எத்தனையோ வருசம் ஆனவனுக்கு இப்ப என்ன அவசரம்?" என்று சத்தம் போட்டார். அவர் சொன்னது நியாயம்தான். பெட்டியிலிருந்த உடல் காத்திருக்கக்கூடியது அல்ல. நான் கைம்பெண்ணைப் பார்த்தேன். முடிவு அவருடையது என்று தோன்றியது.

அவர் செயலாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் முழுக்க அவருக்கு எதிரியாக இருந்த மனிதரை.

"போயிட்டு வரட்டுங்க மாமா" என்றார், கணவரின் அண்ணனிடம் மட்டும் பேசுவதுபோல் அல்ல, எல்லோருக்குமாக. "நாங்க நிக்கறோம்."

செயலாளர் மதிலை ஒட்டிக் கிழக்கே நடந்தார். நான் பின்னால் போனேன். புல்லும் உண்ணிச்செடியும் முழங்கால் வரை. ஒரு மேடு இல்லை, கல் இல்லை. ஆனால் அவர் தயங்காமல் ஓர் இடத்தில் நின்றார். அடிக்கடி வந்து நின்றவருக்குத்தான் அப்படி நிற்க வரும். நான் அடக்க ஆராதனையை முதலிலிருந்து சொன்னேன். சுருக்கவில்லை. பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். அவர் தம்பியின் பெயரைச் சொன்னார். மண்ணுக்கு மண் என்று வரும் இடத்தில் குனிந்து ஈர மண்ணை அள்ளினார். போட எங்கே குழி இருக்கிறது? கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஆமென் சொன்ன பிறகுதான் விரலைப் பிரித்தார்.

திரும்பி வந்ததும் பூட்டைத் திறந்தார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பங்காளிகளும் சபை ஆண்களும் மாறி மாறி வெட்டினார்கள். சிறிது முன் தள்ளிக்கொண்டவர்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் மண்வெட்டி வாங்கினார்கள். எல்லோரும் அல்ல. சில சபைக்காரர்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள், கடைசிவரை உள்ளே வரவில்லை. பொழுது இறங்கிவிட்டது. மிளகு வியாபாரி வேனைத் திருப்பி நிறுத்தி விளக்கைப் போட்டார். அந்த வெளிச்சத்தில், குழந்தையின் சின்னச் சிலுவைக்குப் பக்கத்தில் அவரை வைத்தோம். பாட்டுப் பாட வேண்டிய இடத்தில் பாடகர் குழுவில் பாதிப் பேர்தான் இருந்தார்கள். மகள் ஆரம்பித்தாள். குரல் உடைந்தது, நிற்கவில்லை.

இது நல்லபடியாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். வெளியே நின்றவர்கள் பேராயருக்கு எழுதினார்கள். சபை விதியை மீறினேன், கமிட்டியை மதிக்கவில்லை, அன்று அடக்கமே நடக்காத இடத்தில் அடக்க ஆராதனை நடத்தினேன் என்று புகார். சில குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. என்னைக் கீழே அழைத்து விசாரித்தார்கள். மூன்று குருமார், அதில் ஒருவர் என் பழைய மாணவர். வேதத்தில் இருந்து என் பக்கத்தை எடுத்துச் சொன்னேன். அவர்கள் அதை மறுக்கவில்லை. மறுக்க முடியாது. "இதே நிலைமை மறுபடி வந்தால் கமிட்டி சம்மதம் இல்லாமல் செய்வீர்களா?" என்று மட்டும் கேட்டார்கள். செய்வேன் என்றேன். எச்சரிக்கை கொடுத்தார்கள். மொழிபெயர்ப்புத் திருத்தக் குழுவில் என் இடத்துக்கு வேறொருவரை அமர்த்தினார்கள். அது வலித்தது. அந்தக் குழுவில் நான் வாதாடி வைத்த சில சொற்கள் என்ன ஆயின என்று இன்றும் நினைப்பேன்.

கைம்பெண் அங்கன்வாடியில்தான் இருக்கிறார். மகள் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். அவளுடைய பெரியப்பா ஆலயத்துக்குப் போவதில்லை, ஆனால் கிறிஸ்துமஸுக்கு ஒரு கூடை அன்னாசி அனுப்புகிறார். செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டார். அதைப் பற்றி என்னிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. ஓய்வு பெற்று நான் மலையிறங்கும் நாளில் வழியனுப்ப வந்தவர்களில் அவர் இல்லை.

போன கோடையில் ஒரு கல்யாணத்துக்காக நானும் மனைவியும் மலைக்குப் போயிருந்தோம். திரும்பும் வழியில் வாசலூர்பட்டிப் படகுத் துறையில் டீ குடிக்க நிறுத்தினோம். செயலாளர் பேரப்பிள்ளைகளோடு ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். உட்காரச் சொல்லி இடம் விட்டார். கொஞ்ச நேரம் மழை வருமா, மிளகு விலை எப்படி என்று பேசினோம்.

பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு நான் தெறந்தது சரியா தப்பான்னு இன்னும் தெரியலைங்க ஐயா" என்றார். "புஸ்தகத்துல இருக்கறது பொய்யின்னும் என்னால சொல்ல முடியலை. ஆனா இப்பெல்லாம் எந் தம்பி பேரைச் சொல்ல முடியுதுங்க. ஊட்டுல எல்லாரும் சொல்றோம். மருமகளுக்கு அப்படி ஒருத்தன் இருந்ததே அதுவரைக்கும் தெரியாது."

மனைவி டீ டம்ளரை அவருக்கு நீட்டினாள். பெடல் படகில் இருந்த பிள்ளைகள் கரைக்கு வராமல் நடுத்தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் டீயை வாங்கி பெஞ்சில் வைத்துவிட்டு, அவர்களைக் கூப்பிடக் கரையோரம் இறங்கிப் போனார்.